பக்கத்துப் படுக்கைக்குப் போன முட்டை

நித்யா போன வாரம் சிதம்பரத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். போனில் கேட்டால் நான் மழுப்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். கடலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், டயட்டீஷியன் என்று போர்டு மாட்டிய அறையில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, ஊரெல்லாம் காய்ச்சலு, சளி, இருமலு. காய்ச்சல் சீக்கிரம் விட்டுருது. ஆனா ஆளு எழுந்து நடமாடவே மாட்டேங்குறாங்க. என்னா சாப்புட்டா தேறலாம்னு கேட்டுக் கேட்டு உயிரை எடுக்குறாங்க. புதுசா வந்த பொண்ணுங்களுக்கு நீங்க வந்து கொஞ்ச நேரம் பேசணும். அந்த முட்டை கேஸைச் சொன்னாக்கூடப் போதும்" என்றாள்.

முட்டை கேஸ் என்று ஒன்று உலவுவதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொரோனா சமயத்தில் குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். வைத்த முட்டையை ஒரு நாளும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தேறி நடந்தே வீட்டுக்குப் போனார். நோயிலிருந்து எழுந்து வர சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவரே சாட்சி. இப்படித்தான் அவள் பாடம் நடத்துகிறாளாம். சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்கிறாள். இருக்கும். அந்த நாட்களில் நான் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"அந்த மனுஷன் ஒரு முட்டையைக்கூடத் தொட்டு வாயில வைக்கலடி" என்றேன்.

நித்யா காபி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப எப்படி எழுந்தாரு?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. கிளாஸ் எல்லாம் எடுக்க வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன், படித்துவிட்டு அந்தப் பெண்களிடம் என்ன சொல்வதென்று நீயே முடிவு செய்துகொள் என்று அனுப்பி வைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகு குழப்பம் ஜாஸ்தியாகிவிட்டதே தவிரக் குறையவில்லை.

நான் படித்தது, பயிற்சி பெற்றது எல்லாம் சிதம்பரத்தில். எந்த நோய்க்கு எவ்வளவு புரதம், எவ்வளவு உப்பு, மூக்குக் குழாயில் ஊற்றும் கஞ்சிக்கு என்ன பதம், எல்லாம் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தத் திமிரோடுதான் கடலூருக்கு வேலைக்கு வந்தேன். வந்த இடத்தில் டாக்டர் இளவழகனிடம் மாட்டிக்கொண்டேன்.

அவர்தான் எங்களுக்குத் தலைமை மருத்துவர். ஒல்லியான ஆள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையலறையின் பின்வாசலுக்கு வருவார். வார்டிலிருந்து தட்டுகள் கழுவ வரும் வழி அதுதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு தட்டிலும் என்ன மிச்சம் இருக்கிறதென்று பார்ப்பார். நான் பாடுபட்டு எழுதி வைத்த டயட் சார்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எச்சில் தட்டைக் குனிந்து பார்க்கிற டாக்டரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் எனக்கு அருவருப்பாகக்கூட இருந்தது.

"இட்லியோட நடுப்பாகத்தை மட்டும் பிச்சுத் தின்னுட்டு ஓரத்தை விட்டுட்டாரு. பல்லு வலியா, பசியில்லையா, கேட்டீங்களாம்மா?"

"சார், அவருக்கு நான் எழுதினது சரியாத்தான் இருக்கு."

"எழுதினது பேப்பர்ல இருக்கு. உள்ள போனதுதான் சாப்பாடு."

இதைச் சொல்லிவிட்டு "ம்" என்பார். அவருடைய "ம்" பொல்லாதது. சரி என்பதற்கும் அதே "ம்", இல்லை என்பதற்கும் அதே "ம்", எனக்குத் தெரியவில்லை என்பதற்கும் அதே "ம்". பல வருஷம் கூடவே வேலை பார்த்தும் எந்த "ம்" எதற்கென்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஆனாலும் அவருடைய பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. நானும் பின்வாசலில் நின்று தட்டு பார்க்க ஆரம்பித்தேன். நோயாளி பொய் சொல்வார், கூட இருப்பவர் பொய் சொல்வார், தட்டு பொய் சொல்லாது என்று நம்பினேன்.

கொரோனா வந்து அந்த வழியையும் அடைத்துவிட்டது. அந்த வார்டுக்குள் போன எதுவும் வெளியே வரக்கூடாது. சாப்பாடு பாக்கு மட்டைத் தட்டில் மூடிப் போகும். தின்றது போக மிச்சத்தை உள்ளேயே மஞ்சள் பையில் போட்டுக் கட்டி எரிக்க அனுப்பிவிடுவார்கள். டாக்டர் பழக்க தோஷத்தில் பின்வாசலுக்கு வந்து, கழுவும் தட்டுகளை அடுக்கும் சிமெண்ட் திட்டு காலியாகக் கிடப்பதைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போவார். எனக்கும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. உள்ளே இருக்கும் நர்சுக்குப் போன் போட்டு, "எல்லாரும் சாப்ட்டாங்களா?" என்று கேட்பேன். அந்தப் பெண் உடம்பு முழுக்க பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு வேர்வையில் நனைந்தபடி, "ஆச்சு மேடம், ஆச்சு மேடம்" என்பாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

என்ன கொடுப்பது என்பதில் ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. ஒருவர் பால் கொடு என்பார், ஒருவர் பால் சளி கட்டும் என்பார். மிளகு, மஞ்சள், இஞ்சி என்று போனில் வராத வைத்தியம் இல்லை. என் நாத்தனார் கஷாயம் காய்ச்சித் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள். மேலிருந்து வருகிற உத்தரவும் மாறிக்கொண்டே இருந்தது. மாறாமல் நின்றது முட்டை ஒன்றுதான். எல்லோருக்கும் அவித்த முட்டை. சைவம் என்று எழுதிக் கொடுத்தவர் தட்டிலும் முட்டை வந்துவிடும்; அந்தச் சமயத்தில் அப்படி ஒரு வழக்கம் ஆகிவிட்டது. கை பட்ட பண்டம் போகக்கூடாது என்று ஓட்டோடு அப்படியே அனுப்புவோம். வேண்டியவர்கள் உரித்துச் சாப்பிடுவார்கள்.

மூச்சுத் திணறும் ஆளுக்குச் சாப்பிடுவது எப்பேர்ப்பட்ட வேலை என்பதை நல்ல உடம்புக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்க வேண்டும், ஒரு வாய் போட வேண்டும், உடனே மாஸ்க்கை இறக்க வேண்டும். மெல்லும்போது மூச்சு வாங்கும். விழுங்கினால் இருமல் வரும். அதற்குள் கை சோர்ந்துவிடும். நாக்கில் ருசியும் இல்லை, மூக்கில் வாசனையும் இல்லை. எனக்கும் அந்த நோய் வந்து போனது. ஊருக்கெல்லாம் புரதம் புரதம் என்று எழுதிய எனக்கு, எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மோர் சோற்றைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. நானும்தான் பிழைத்தேன். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

அந்த வார்டில் ஜன்னலோரமாகப் படுத்திருந்தவர் சபாபதி. குறிஞ்சிப்பாடியில் கைத்தறி லுங்கி வியாபாரம். அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் காத்தவராயன். கடலூர் முதுநகர்க்காரர், படகில் போய் மீன் பிடிக்கிறவர். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி மூச்சுத் திணறலோடு வந்தவர்கள். காத்தவராயனுக்குச் சர்க்கரை இருந்தது, பீடிப் பழக்கம் இருந்தது. ஆனாலும் படகு வலித்த உடம்பு. அவர் முந்தி எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நர்சு தினமும் சொல்லும் சேதி இதுதான். "மேடம், குறிஞ்சிப்பாடி ஐயா முட்டையை மிச்சம் வக்கிறதில்ல. தட்டுல ஓடு மட்டும்தான் கெடக்குது." எனக்கு வாயெல்லாம் பல். மற்ற நோயாளிகளுக்குப் போன் போட்டுப் பேசும்போதெல்லாம், "குறிஞ்சிப்பாடி ஐயாவைப் பாருங்க, வயசானவரு, எப்படிச் சாப்புடுறாரு" என்று அவரையே உதாரணம் காட்டினேன். அவரும் மெல்ல மெல்லத் தேறினார். மாஸ்க் போய் மூக்கில் மாட்டும் ஆக்சிஜன் குழாய் வந்தது, குழாயும் போனது. டாக்டரிடம் போய், "பாத்தீங்களா சார், முட்டை" என்றேன். அவர் "ம்" என்றார்.

காத்தவராயன் ஒரு காலை நேரத்தில் இறந்துபோனார். அதற்கு முதல் நாள்கூட நர்சு, "நல்லாத்தான் சாப்ட்டாரு மேடம்" என்று சொல்லியிருந்தாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த நெருக்கடியில் யாரைப் பற்றியும் உட்கார்ந்து யோசிக்க முடியாது. சபாபதி வீட்டுக்குப் போனார். நான் முட்டைப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓட ஆரம்பித்திருந்த சமயத்தில் சபாபதியின் மனைவி கோமதி அம்மாள் போன் செய்தார். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கெல்லாம் என் நம்பரைக் கொடுத்து அனுப்புவது வழக்கம்.

"அவரு சாப்புட மாட்டேங்குறாரும்மா. வந்த கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தாரு. இப்ப ரெண்டு வாய் கஞ்சி, அதோட எழுந்துடறாரு. கேட்டா எனக்கு அருகதை இல்லங்கிறாரு. சுவத்தைப் புடிச்சிக்கிட்டுதான் கொல்லைக்கே போறாரு. ஆஸ்பத்திரியில பொழச்சு வந்து வூட்ல போயிருவாரு போல இருக்கும்மா" என்று அழுதார்.

நோயிலிருந்து பிழைத்தவர்கள் சாப்பிடாமல் கிடந்தால் சதை கரைந்து, இருமக்கூடத் தெம்பில்லாமல், மறுபடி நெஞ்சில் சளி கட்டி விழுந்துவிடுவார்கள். அப்படி இரண்டாம் தடவை வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுநாளே குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினேன்.

சபாபதியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஆஸ்பத்திரியிலிருந்து போனபோது இருந்த உடம்பில் பாதிகூட இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, நெற்றியில் திருநீறு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் போன வேகத்தில் ஆரம்பித்தேன்.

"என்னாங்கய்யா இது? ஆஸ்பத்திரியில அவ்ளோ ஒழுங்கா சாப்ட்டீங்க. தினம் முட்டை சாப்ட்ட மனுஷன் இப்ப கஞ்சிக்கே அழுவுறீங்களாமே."

கோமதி அம்மாள் உள்ளே வந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "முட்டையா? அவரா?"

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார். அவர் வடலூர் வழியில் நிற்கிறவர். கல்யாணத்துக்கு முன்னாலேயே கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டவர். தைப்பூசத்துக்கு வடலூர் போய் வருகிறவர்களுக்கு விடிய விடியச் சோறு பரிமாறுகிறவர். இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

"சைவமான்னு கேட்டாங்க, ஆமான்னேன். சைவத் தட்டுலயும் முட்டை வந்துச்சு. வேணாம், எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். உள்ள வந்ததைத் திருப்ப முடியாது, குப்பையிலதான் போடணும்னாங்க. பசிக்கு ஆவற பண்டத்தை எப்படிம்மா குப்பையில போடறது? எங்க வழியில அதுவும் பாவந்தான். பக்கத்துப் பெட்டுல காத்தவராயன் இருந்தாரு. சாப்புடறீங்களான்னு கேட்டேன். குடுங்கய்யான்னாரு. அவருக்கு விரலு நடுங்கும், உரிக்க முடியாது. நானே உரிச்சுக் குடுப்பேன்."

"நீங்களா உரிச்சீங்க?" என்றார் கோமதி அம்மாள்.

"ஆமா. ஓட்டை என் தட்டுலயே போட்டுக்குவேன். அவரு கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். அதைத் தின்னறதை என்னால பாக்க முடியாது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "தெனம் அவரு பங்கு ஒண்ணு, என் பங்கு ஒண்ணு. முட்டை சூடு. அந்தக் காய்ச்சல்ல, மூச்சு முட்டிக் கெடந்த ஆளுக்கு, நான் ரெட்டைச் சூட்டை ஏத்திட்டேன். உயிரைக் கொல்லக் கூடாதுன்னு இத்தனை வருசம் இருந்தவன், ஒரு உயிரை எடுத்து இன்னொரு உயிருக்குக் குடுத்து, ரெண்டையும் கொன்னுட்டேன்."

முதலில் வந்தது, சொன்னால் வெட்கம், என் முட்டை கேஸ் போச்சே என்கிற நினைப்புதான். பிறகுதான் அந்த மனுஷரின் முகம் கண்ணில் பட்டது.

"ஐயா, முட்டையால யாரும் சாவ மாட்டாங்க. சூடு, குளிர்ச்சி எல்லாம் நாம சொல்றது. அது நல்ல சாப்பாடு. நோயாளிக்குத் தெம்பு குடுக்கறது. அதனாலதான் எல்லாருக்கும் குடுத்தோம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப ரெண்டு முட்டை தின்னவரு ஏம்மா போனாரு? ஒண்ணுகூடத் தின்னாத நான் எப்படி இருக்கேன்?"

அவருக்குச் சர்க்கரை இருந்தது, பீடி இருந்தது, தாமதமாக வந்தார் என்று அடுக்கினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப முட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லுங்க" என்றார். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தம் உண்டு என்றால் அவர் கொலைகாரராகிறார். சம்பந்தம் இல்லை என்றால் நான் இத்தனை வருஷம் பார்த்த வேலை என்ன வேலை? தெம்பு கொடுக்கும், ஆனால் நோயைத் தீர்க்காது. உதவும், ஆனால் காப்பாற்றும் என்று உறுதி இல்லை. இப்படி வழவழவென்று ஏதோ சொன்னேன். எனக்கே விளங்காத ஒன்று அவருக்கு எப்படி விளங்கும்? கோமதி அம்மாள் கொண்டுவந்து வைத்த பொட்டுக்கடலைக் கஞ்சியில் ஆடை கட்டிவிட்டது. அவர் தொடவே இல்லை.

அடுத்த நாள் டாக்டரிடம் முழுக்கதையையும் சொன்னேன். காலியான திட்டுக்கு முன்னால் நின்றுதான் கேட்டார்.

"காத்தவராயன் ஏன் போனாரு, சபாபதி எப்படிப் பொழச்சாரு, எனக்கு நிச்சயமாத் தெரியாதும்மா. அதையே போய்ச் சொல்லுங்க."

"தெரியாதுன்னு சொன்னா சாப்புடுவாரா சார்?"

"ம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர் "ம்" என்கிறார், அங்கே ஒரு மனுஷன் தினம் கரைந்துகொண்டிருக்கிறார். யாராவது ஒருத்தர் போய் அவரிடம் நீ குற்றவாளி இல்லை என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடவில்லை. அப்படிச் சொல்ல உரிமை உள்ள ஆள் ஒருத்திதான். காத்தவராயனின் மனைவி தேவானை.

முதுநகர் மீன் மார்க்கெட்டில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். துறைமுகத்தில் ஏலம் எடுத்து வந்து மார்க்கெட்டில் விற்கிறவர். சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். குறிஞ்சிப்பாடியில் ஒருவர் இப்படி இருக்கிறார், உங்கள் வீட்டுக்காரருக்கு முட்டை கொடுத்ததை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"என் புருசன் போயிட்டாரு. மூஞ்சியக்கூடக் காட்டல, பையில கட்டிக் குடுத்தீங்க. இப்ப பொழச்ச ஆளு சோறு தின்னலன்னு நான் வந்து ஊட்டி வுடணுமா?" என்று கேட்டார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மார்க்கெட் வாசல் வரை போயிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றார்.

"சைவமா அந்த ஆளு?"

"ஆமா."

"நாளைக்கு ஏவாரம் முடிச்சிட்டு வரேன். பஸ் ஸ்டாண்டுல நில்லு."

மறுநாள் தேவானை சொன்னபடியே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். குளித்து, வேறு புடவை கட்டி வந்திருந்தார். "மீன் வாட வருதா?" என்று பஸ்ஸில் ஒரே ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். அங்கே போய் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. திட்டுவாரோ, அழுவாரோ, என்ன கணக்கில் வருகிறாரோ. கூட்டிப் போவது சரியா தப்பா என்றும் தெரியவில்லை.

தேவானை யாரென்று நான் சொன்னதும் சபாபதி எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. கை இரண்டையும் கூப்பினார். தேவானை உட்காரவில்லை. கதவோரமாக நின்றபடியே பேசினார்.

"ஐயா, நீங்க குடுத்த முட்டையை அவரு தின்னல."

சபாபதி விழித்தார்.

"எங்க தெருவுல மாரியாத்தா கோயிலுக்குக் காப்பு கட்டியிருந்த சமயம். காப்பு கட்டினா ஊரே கவுச்சி தொடாது. அவரு பங்கையும் தின்னல, உங்க பங்கையும் தின்னல. வேணாம்னு சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு வாங்கிக்குவாராம். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குவீங்களாமே? திரும்பினதும் ரெண்டையும் காயிதத்துல சுத்தித் தலகாணி பக்கத்துல வச்சிட்டு, கூட்டற பொண்ணு வந்தா குடுத்துருவாராம். போன்ல எங்கிட்டச் சொன்னாரு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவல, நல்லா இருக்குது."

நான் சபாபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கொள்ளும் விஷயத்தை நான் தேவானையிடம் சொல்லவே இல்லை. காத்தவராயன் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதே நேரம் இன்னொரு குழப்பம் ஏறி உட்கார்ந்தது. அப்படியானால் வார்டில் இரண்டு பேருமே முட்டை தின்னவில்லை. ஒருவர் பிழைத்தார், ஒருவர் போனார். நர்சு "ஆச்சு மேடம்" என்றாள். நான் முட்டையைப் பற்றி ஊர் முழுக்கப் பேசினேன்.

சபாபதி தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீ சாப்ட்டியாம்மா?" என்று தேவானையைக் கேட்டார்.

"இல்ல."

"கோமதி, அந்தப் புள்ளைக்கு இலை போடு."

"நீங்க உக்காந்தா நான் உக்காருறேன்" என்றார் தேவானை.

அவ்வளவுதான். இரண்டு இலை விழுந்தது. கோமதி அம்மாள் பரிமாறினார். சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், கொத்தவரங்காய். சபாபதி மெதுவாக, ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி நிறுத்தி, மோர் வரைக்கும் வந்தார். டாக்டரோடு நின்று பழகிய புத்தியில் நான் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலையில் கறிவேப்பிலை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அதன் பிறகு அவர் தேறினார். தேறினார் என்றால் உடனே இல்லை, இழுத்து இழுத்துத்தான். பயறு, கடலை, கீரை, மோர் என்று நான் எழுதிக் கொடுத்ததைக் கோமதி அம்மாள் செய்து கொடுத்தார். அடுத்த தைப்பூசத்துக்குப் பந்தியில் கரண்டி பிடித்துக்கொண்டு நின்றதாகப் போனில் சொன்னார்கள். இதில் பயறு எவ்வளவு, மனசு எவ்வளவு, ஆண்டவன் கருணை எவ்வளவு என்று என்னைக் கேட்காதே, நித்யா. சாப்பிடாமல் கிடந்தவர் சாப்பிட்டார், எழுந்தார். அது மட்டும் எனக்கு நிச்சயம். எதைச் சாப்பிட்டார் என்று ஒரு நாள் பாடம் எடுத்துக்கொள்ளலாம். எதனால் சாப்பிட்டார் என்பதற்கு எந்தச் சார்ட்டில் இடம் இருக்கிறது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அன்றைக்குச் சபாபதி வீட்டிலிருந்து வெளியே வந்து நானும் தேவானையும் கடலூர் பஸ்ஸுக்காக நின்றோம். எதிரில் ஒரு மாரியம்மன் கோயில். அன்றைக்கும் கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஊரடங்கில் கோயில் எல்லாம் மூடிக் கிடந்த சமயம் அது. எங்கே திருவிழா, எங்கே காப்பு? எனக்குத் தோன்றியது சபாபதிக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? அவரும் இதே தெருவில்தானே இருக்கிறார். நம்பித்தான் சாப்பிட்டாரா, நம்ப வேண்டும் என்று சாப்பிட்டாரா? இன்று வரை தெரியவில்லை.

"தேவான, அந்தச் சமயத்துல கோயில் எல்லாம் பூட்டித்தான கெடந்துச்சு?" என்று கேட்டேன்.

"பூட்டித்தான் கெடந்துச்சு."

"அப்ப முட்டை?"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. தேவானை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ரெண்டையும் தின்னாரும்மா. ஐயா உரிச்சுக் குடுத்துட்டுத் திரும்பிக்குவாரு, நான் ஒரே வாயில போட்டுக்குவேன்னு போன்ல சொல்லிச் சிரிச்சாரு. அந்த ஆசுபத்திரியில இருந்து எங்கிட்ட அவரு சிரிச்சது அந்த ஒரு தடவதான். அவருக்கு உரிச்சுக் குடுத்த கைய்யி, அது பட்டினியாவா கெடக்கணும்?"